டேப் கிழியாத பெட்டிக்கு எப்படித் தரம் போட்டீர்கள்?

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
பழைய இசைத்தட்டுக் கொள்முதல்.

பொருள்: 186 எல்.பி. இசைத்தட்டுகளைச் சரியாகப் பார்க்காமல் மதிப்பிட்டது, ஒரு தட்டு மாறி வந்தது, உறைகள் கிழிந்தது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

இருபது வருஷம் தேடித் தேடிச் சேர்த்து, அப்புறம் இருபது வருஷம் தூசி மட்டும் தட்டிக்கொண்டிருந்த 186 எல்.பி.களை மூன்று பெட்டிகளில் கட்டி, போன மாதம் உங்களிடம் மதிப்பீட்டுக்கு அனுப்பினேன். நீங்கள் சொன்ன தொகை கட்டுப்படியாகவில்லை. திருப்பி அனுப்பச் சொன்னேன், அதுவும் வந்துவிட்டது. விலை குறைவு என்று சண்டை போட இதை எழுதவில்லை. வாங்கி விற்பவருக்கு வாடகை உண்டு, தட்டைச் சுத்தம் செய்யும் வேலை உண்டு, விற்காமல் முடங்கும் சரக்கும் உண்டு. குறைத்துத்தான் கேட்பார். பார்க்காத பொருளுக்கு எப்படி விலை போட்டீர்கள் என்பதுதான் என் கேள்வி.

பெட்டிகள் உங்களிடம் சேர்ந்துவிட்டதாகக் கூரியர்காரர்களின் குறுஞ்செய்தி வந்தது காலை 11.10-க்கு. உங்கள் மதிப்பீட்டு மின்னஞ்சல் வந்தது 12.05-க்கு. 55 நிமிடத்தில் 186 தட்டு என்றால் ஒன்றுக்கு 18 நொடிகூட இல்லை. ஒரு தட்டை உறையிலிருந்து உருவி, விளக்கொளியில் சாய்த்துப் பிடித்துக் கீறல் பார்த்து, மறுபக்கமும் பார்த்து உள்ளே வைக்க எனக்கு இரண்டு நிமிடமாவது ஆகும். சரி, நீங்கள் கைதேர்ந்தவர்கள், வேகமாகப் பார்ப்பீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். மூன்றாவது பெட்டி? அதில் ஒட்டிய பழுப்பு டேப்பின் விளிம்பில், பாதி டேப்பிலும் பாதி அட்டையிலுமாகக் கையெழுத்துப் போட்டிருந்தேன். திரும்பி வந்தபோது ஒரு கோடுகூட விலகாமல் அப்படியே இருந்தது. அதற்குள் இருந்த 62 தட்டுகளுக்கும் 'வி.ஜி.' (வெரி குட்) என்று தரம் போட்டிருக்கிறீர்கள்.

அந்த இரண்டெழுத்து சின்ன விஷயமில்லை. நீங்கள் பின்பற்றுவதாகச் சொல்லும் கோல்ட்மைன் தர அளவின்படி, ஏறக்குறையப் புதிதாக இருக்கும் 'நியர் மின்ட்' தட்டின் விலையில் 'வி.ஜி. பிளஸ்' பாதி பெறும், வெறும் 'வி.ஜி.' கால்வாசிதான். ஆக, பெட்டியைத் திறக்காமலே முக்கால்வாசியைக் கழித்துவிட்டீர்கள்.

பழையது என்றாலே பொன் என்று நானும்தான் நினைத்திருந்தேன். இசைத்தட்டுகளை வாங்கி விற்கும் டிஸ்காக்ஸ் இணையதளத்தில், ஆளாளுக்குக் கேட்கும் விலையை விட்டுவிட்டு, உண்மையில் விற்றுப்போன விலைகளைப் பார்த்தபோது மயக்கம் தெளிந்தது. எக்கச்சக்கமாக அச்சான தட்டு எத்தனை வயதானாலும் மலிவுதான். என்னுடையதில் 150 அந்த ரகம். அவற்றை மட்டும் மொத்தமாக ஒரு விலைக்குக் கேட்டிருந்தால் வாயே திறந்திருக்க மாட்டேன். மீதி 36-ல்தான் சமாச்சாரம் இருக்கிறது. முதல் அச்சா, மறு அச்சா? மோனோவா, ஸ்டீரியோவா? 1950-களின் கடைசியில் ஸ்டீரியோ எல்.பி. வந்த பிறகும் பல வருஷம் ஒரே ஆல்பத்தை இரண்டு விதமாகவும் போட்டார்கள். இரண்டுக்கும் எப்போதும் ஒரே விலை கிடைக்காது. மேலுறையை மட்டும் நம்பவும் முடியாது, மறு அச்சுகள் பல பழைய படத்தையே போட்டுக்கொண்டு வரும். லேபிளைப் பார்க்க வேண்டும். பாட்டு முடிந்து, லேபிளுக்கு முன்னால் வழவழவென்று ஒரு வளையம் இருக்குமே, அதில் பொறித்த எண்ணைப் படிக்க வேண்டும்.

என் பட்டியலில் 17-வது தட்டு விஷயத்தில் நீங்கள் மாட்டிக்கொண்டதும் அந்த எண்ணால்தான். அனுப்புவதற்கு முன் 36 தட்டுகளின் எண்ணையும் படம் எடுத்து வைத்திருந்தேன். என் 17-ல் எண் கையால் கீறியது, கடைசி இலக்கத்தை அடித்துவிட்டு மேலே திருத்தியிருப்பார்கள். திரும்பி வந்ததில் வரிசையாக, நேராக, இயந்திரம் பொறித்த எழுத்து, எண்ணும் வேறு. மேலுறை என்னுடையதுதான், மூலையில் நீல மையில் என் பெயர் இருக்கிறது. (பெயர் எழுதினால் விலை குறையும் என்பது பதினெட்டு வயதில் யாருக்குத் தெரியும்?) உள்ளே இருப்பது பிந்தைய மறு அச்சு. மேசையில் இன்னொருவர் சரக்கோடு கலந்து தவறுதலாக மாறியிருக்கலாம். எப்படி மாறியிருந்தாலும் என் தட்டு எனக்கு வேண்டும்.

உறைகள் விஷயம் இன்னும் எரிச்சல். பயணத்தில் தட்டின் விளிம்பு உறையின் ஓரத்தை அறுத்துவிடும் என்பதால், தட்டுகளை வெளியே எடுத்து உள்தாளோடு உறைக்குப் பின்னால் வைத்துத்தான் கட்டியிருந்தேன். முதல் இரண்டு பெட்டிகளில் நீங்கள் எல்லாவற்றையும் உள்ளே சொருகி அனுப்பியதில் 14 உறைகளின் மேல்விளிம்பு பிளந்துவிட்டது. போதாததற்கு அட்டைப்படத்தின் மேலேயே எண் ஸ்டிக்கர். உரித்தால் படமும் சேர்ந்து வருகிறது. இசைத்தட்டுத் தொழிலில் இருப்பவர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டுமா?

என் 17-வது தட்டைத் தேடி அனுப்புங்கள். வந்ததும் உங்களுடையதை உங்கள் செலவில் எடுத்துக்கொள்ளலாம். பிளந்த 14 உறைகளுக்கும் ஸ்டிக்கர் ஒட்டியவற்றுக்கும் ஈடு தர வேண்டும். மதிப்பீட்டுக் கட்டணம் என்று வாங்கியதையும் முழுதாகத் திருப்பித் தாருங்கள், செய்யாத வேலைக்கு என்ன கட்டணம்? 15 நாளில் எழுத்தில் பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர்ப்பில் புகார் கொடுப்பேன்.

17-வது தட்டின் எண், முன்பு எடுத்த படமும் இப்போதைய படமும் இத்துடன் இணைத்திருக்கிறேன். மூன்றாவது பெட்டியை நானும் இன்னும் திறக்கவில்லை. உங்கள் ஆள் யாராவது நேரில் வந்து பார்ப்பதானால் டேப்போடு அப்படியே இருக்கிறது.

இப்படிக்கு,
(கையொப்பம்)