முற்றத்துக்கு மூடி எதற்கு?

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளைத் தங்கும் விடுதியாக நடத்துகிற ஐயாமாருக்கும் ஆச்சிமாருக்கும்,

வணக்கம். போன ஐப்பசியில் கானாடுகாத்தான் பக்கம் ஒரு விடுதியில் அம்மாவோடு இரண்டு ராத்திரி தங்கினேன். பெயர் வேண்டாம். சாப்பாட்டில் குறையே இல்லை; வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் இன்னும் நாக்கில் நிற்கின்றன.

குறை வளவில்தான், அதாவது முற்றத்தைச் சுற்றிய உள்கட்டில். நாலு பக்கமும் பர்மா தேக்குத் தூண்கள். நடுவே வானம் தெரிய வேண்டிய முற்றத்தின் மேல் பிளாஸ்டிக் தகடு. மழை பிடித்ததும் சடசடவென்று ஒரே சத்தம், பேசுவது கேட்கவில்லை. அம்மா காரைக்குடியில் வளர்ந்தவர். “மூலைக்கு மூலை அண்டா வைப்போம், ரெண்டு நாளைக்குத் தண்ணி கவலை இல்லை” என்றார். அந்த முற்றத்து மூலையிலும் ஒரு பித்தளை அண்டா இருந்தது. எட்டிப் பார்த்தேன்: உள்ளே பிளாஸ்டிக் தாமரை.

மேலாளரிடம் கேட்டேன். வளவில்தான் சாப்பாட்டு மேசைகள், திறந்தால் ஏசி நிற்காது, புறா வேறு வருகிறது என்றார். புறாவுக்குக் கம்பிவலை போதுமே! சூடு மேலே ஏறி வெளியேறத்தானே முற்றம்? அதை மூடினால் வெக்கை, வெக்கைக்கு ஏசி, ஏசிக் குழாய்க்குச் சுவரில் ஓட்டை. ஓட்டையைச் சுற்றிச் சிமெண்ட் பூசியிருந்தார்கள். தடவிப் பார்த்தேன். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த பழைய சுண்ணாம்புப் பூச்சு கண்ணாடி மாதிரி வழவழ. சிமெண்ட் ஓரமோ ஈரம் கோத்து உப்பியிருந்தது.

உங்கள் பாடும் தெரியும். 1942இல் ஜப்பான்காரன் பர்மாவில் புகுந்ததோடு அங்கிருந்து வந்த வட்டித்தொழில் வரும்படி போனது. வீடு மட்டும் இரண்டு தெருவுக்கு நீண்டு கிடக்கிறது. ஒரு ஓடு மாற்றப் பங்காளிகள் அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும். விடுதியானதால்தான் பல வீட்டு நிலைகளும் தூண்களும் காரைக்குடிப் பழம்பொருள் கடைக்குப் போகாமல் தப்பின. 2014இலேயே செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் ஏறிவிட்டன. பார்க்க வருகிறவர்களுக்குத் தகட்டையா காட்டப்போகிறோம்?

சரி, படுக்கும் அறைக்குள் ஏசி இருக்கட்டும், அம்மாவுக்கே அது வேண்டியிருந்தது. சாப்பாட்டு மேசைகளைப் பட்டாலைக் கூடத்துக்கு மாற்றிவிட்டு வளவைத் திறந்துவிடுங்கள்.

வரும் ஐப்பசிக்கும் அம்மா கிளம்பத் தயார். அறை சொல்லி வைப்பதற்கு முன்னால் ஃபோனில் ஒன்றுதான் கேட்பேன்: உங்கள் முற்றத்தில் மழை விழுமா?

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஒரு விருந்தாளி