அட்டை இல்லாத புத்தகத்துக்கு வயசு

மாப்ளே,

பதில் போடத் தாமதம்தான். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பெரியவள் வேலையில் சேர்ந்துவிட்டாள்.

பாடப் புத்தகத்தையே சுருட்டிப் பின்பாக்கெட்டில் செருகினவன் நீ. நீயா ஞாயிற்றுக்கிழமை திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதையில் குந்தி உட்கார்ந்து புத்தகம் பொறுக்குகிறாய்? 1985இல் மூர் மார்க்கெட் எரிந்ததோடு பழைய புத்தகமும் போச்சு என்று சாதிக்கும் கணக்கு வாத்தியாரிடம் சொல், பார்க்கலாம்.

அந்த நாவலுக்கு வயசு கேட்டிருந்தாயே. நீ அனுப்பின படம் பார்த்தேன், புத்தகம் 17ஆம் பக்கத்தில் தொடங்குகிறது. ஒரு பாரம், அதாவது மடித்துத் தைத்த ஓர் அச்சுத்தாள், 16 பக்கம். ஆக முதல் பாரம் முழுசாகக் கழன்றுவிட்டது, பதிப்பு விவரமும் அதோடு போயிற்று. பரவாயில்லை, கடைசியில் பதிப்பகத்தார் தங்கள் மற்ற நூல்களுக்குப் போட்ட விலைப்பட்டியல் இருக்கிறதே! ‘1-8-0’ என்று ரூபாய், அணா, பை பிரித்திருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தின விலை. உன்னுடையதில் ‘75 ந.பை.’ என்றிருக்கிறது. நயா பைசா வந்தது அந்த ஏப்ரலில். ‘நயா’ உதிர்ந்தது 1964 ஜூனில். இடைப்பட்ட ஏழு வருஷத்தில் தேடு.

எழுத்தையும் பார். ‘லை’, ‘னை’ எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி வளைந்த பழைய வடிவில் இருந்தால் 1978க்கு முந்தினது என்று கடைக்காரர் அடித்துச் சொல்வார். அவசரப்படாதே. அந்த வருஷம் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்த அன்றைக்கே அச்சகக்காரர் ஈய எழுத்தையெல்லாம் உருக்கிவிடவில்லை, பழைய அச்சு பிறகும் ஓடியது. மறுபக்கம், பெரியாரின் ‘குடி அரசு’ 1935லேயே சீர்திருத்த எழுத்துக்கு மாறிவிட்டது. முகவரியில் ‘சென்னை-17’ என்றிருந்தாலும் அப்படித்தான், பின்கோடு வந்த பிறகும் பழக்கத்தில் சுருக்கிப் போட்டவர்கள் உண்டு. ஆனால் ‘600 017’ என்றிருந்தால் 1972 ஆகஸ்டுக்கு முன்னால் இருக்கவே முடியாது. புதுசு இருந்தால் நம்பு, பழசு இருந்தால் சந்தேகப்படு. விலைமேல் சீட்டு ஒட்டியிருந்தால் வெளிச்சத்தில் தூக்கிப் பிடி. விற்காமல் தங்கிய பிரதிக்குப் பின்னாளில் விலை ஏற்றியிருப்பார்கள்.

இனி என் வயிற்றெரிச்சல். கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டினாயாமே, பாவி! அந்தப் பசை மஞ்சளித்துத் தாளுக்குள் இறங்கிக் கறையாகும். ஒட்டியதைப் பிய்க்காதே, எழுத்தும் சேர்ந்து வரும். இனிமேல் மெல்லிய டிஷ்யூ தாளும் மைதாப் பசையும் போதும். பைண்டர்கள் பூச்சிக்காக அதில் மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், நீ கலக்காதே.

ஓட்டையிலிருந்து மாவு மாதிரி தூள் உதிர்ந்தால் புழு உயிரோடிருக்கிறது. வெயிலில் காயவைத்தால் தாள்தான் நொறுங்கும். பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வை. எடுத்ததும் பிரிக்காதே, ஒரு நாள் வெளியில் கிடக்கட்டும். இல்லாவிட்டால் பக்கமெல்லாம் ஈரம் கோத்துக்கொள்ளும். மீன் தட்டுக்குப் பக்கத்தில் இடம் தருவாளா என்று தங்கச்சியிடம் நீயே கேட்டுக்கொள்.

பெயரும் தேதியும் எழுதிய புத்தகங்கள் அந்த நடைபாதையில் நிறையக் கிடக்குமே, கவனித்தாயா? வாங்கினவர் கண்ணை மூடியதும் வீட்டைக் காலிசெய்து எடைக்குப் போட்டவைதான் பாதிக்கு மேல். வாத்தியாரின் அலமாரி நினைவுக்கு வந்தது. எது யாருக்கு என்று அவரையே ஒரு தாளில் எழுதித் தரச் சொல். எனக்குக் கேட்க வாய் வரவில்லை, நீ கேட்டால் திட்டிவிட்டாவது எழுதுவார்.

கல்கி, விகடன் தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்துத் தைத்த பைண்டு கண்ணில் பட்டால் எனக்கு வாங்கு. ஓவியர்கள் மணியம், கோபுலு போட்ட படம் இருக்கிறதென்று மயங்கிவிடாதே. அத்தியாய எண்ணை வரிசையாகப் பார், நடுவில் ஒரு வாரம் காணாமல் போயிருக்கும். பக்கவாட்டில் தைத்த பைண்டானால் விரித்துப் பார், உள்ளோர வார்த்தையைத் தையல் விழுங்கியிருக்கும். அப்படியிருந்தால் வேண்டாம். 300 ரூபாய்க்கு மேலே போகாதே.