விளையாட்டுப் பாடவேளை எங்கே போயிற்று?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் நலவாழ்வுப் பகுதியில் இளவயதுச் சர்க்கரை நோய் பற்றிய கட்டுரை படித்தேன். நாக்கை அடக்கத் தெரியாத பிள்ளைகள் மூளையையும் மழுங்கடித்துக்கொள்கிறார்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி. பன்னிரண்டு வயதுப் பிள்ளைதான் கடைக்குப் போய் மாதச் சாமான் வாங்கி வருகிறது என்று கட்டுரையாளர் நினைத்துக்கொண்டிருக்கிறார் போலும்.

என் தங்கையின் பேத்திக்கு ஒன்பதாம் வகுப்பில் பின்கழுத்து கறுத்துத் தடித்தது. அழுக்கு என்று பீர்க்கங்காய் நாரால் தேய்த்தார்கள். வகுப்பில் தூங்கி வழிகிறாள், சொன்னது மனதில் நிற்பதில்லை என்று பள்ளியிலிருந்து புகார் வந்தது. கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார்கள். தோல் மருத்துவர் ஒருவர்தான், அது அழுக்கல்ல, உடல் இன்சுலினுக்குச் சரியாக இணங்காததன் அடையாளமாக இருக்கலாம் என்று இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். இரண்டாம் வகைச் சர்க்கரை நோய். இரவெல்லாம் குறட்டை விடுவாள். பருமனால் தூக்கத்தில் மூச்சு தடைபட்டால் பகலில் கண் சொக்கும், கவனம் சிதறும் என்பதே அதன்பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. இதில் அவள் நாக்கின் பங்கு எவ்வளவு என்று கட்டுரையாளர் கணக்கிட்டுச் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

உடல் எடையில் சுமார் 2 சதவீதமே உள்ள மூளை, உடலின் சக்தியில் ஏறத்தாழ 20 சதவீதத்தைச் செலவழிக்கிறது என்பதும், நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதியிலும் இன்சுலினுக்கு வேலை உண்டு என்பதும் தாங்கள் அறியாததல்ல. 2010இல் நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இந்நோயுள்ள பருமனான வளரிளம் பருவத்தினரை, பருமன் இருந்தும் நோயில்லாதவர்களோடு ஒப்பிட்டார்கள். நினைவாற்றலில் நோயுள்ளவர்கள் பின்தங்கினார்கள். மூளையின் பகுதிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நரம்பிழைகளான வெண்பொருளிலும் வேறுபாடு தெரிந்தது. மொத்தம் 36 பேரை வைத்துச் செய்த முதற்கட்ட ஆய்வு அது. எது காரணம், எது விளைவு என்று அவர்களே அடக்கத்தோடு பேசும் விஷயத்தில், தங்கள் கட்டுரையாளர் ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டார்.

நான் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியன். பொங்கல் கழிந்ததும் பத்தாம் வகுப்பின் பி.டி. பாடவேளை கணக்கு ஆசிரியருக்குப் போய்விடும். பந்துகள் பீரோவுக்குள், எனக்குத் தேர்வு மேசைகளில் எண் ஒட்டும் பணி. விளையாட்டு விழாவில் மட்டும் உடற்பயிற்சியின் மேன்மை குறித்துத் தலைமையாசிரியர் நெடுநேரம் பேசுவார். வெயிலில் நின்று கேட்பதுதான் பிள்ளைகளுக்கு அந்த மாதத்து உடற்பயிற்சி. இதையெல்லாம் அப்போதே தங்களுக்கு எழுதினேன். இடமில்லை என்று பதில் வந்தது. அதே வாரம் நூறு சதவீதத் தேர்ச்சி விளம்பரங்களுக்கு நான்கு பக்கம் கிடைத்தது.

பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்பது 2020ஆம் ஆண்டு விதி. எங்கள் தெருவில் பள்ளிக் கதவைத் திறந்தாலே பொட்டலத் தோரணம் முகத்தில் இடிக்கிறது. அதைப் படம் பிடிக்கத் தங்கள் நிருபருக்கு நேரம் கிடைக்கவில்லை. பிள்ளைகளின் நாக்கைப் பார்க்க நேரம் கிடைத்திருக்கிறது.

இன்னொன்று. அந்தக் கட்டுரையின் எதிர்ப்பக்கம் முழுவதும் சாக்லேட் சுவை மாவுபானத்தின் விளம்பரம், அதுவும் மூளை வளர்ச்சிக்காம்! இத்தகைய பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற வரிசையிலிருந்து நீக்குமாறு இணைய விற்பனைத் தளங்களுக்கு மத்திய வர்த்தக அமைச்சகம் 2024 ஏப்ரலில் சொன்னது. அந்தச் செய்தியைத் தங்கள் இதழில்தான் படித்த நினைவு.

விளம்பரத்தைக் கைவிடுங்கள் என்று கேட்க நான் யார்? தங்கள் 'குட்டீஸ் டிபன்' பக்கத்தில் வரும் குறிப்புகளில் 'சர்க்கரை தேவையான அளவு' என்று போடாமல், ஒரு பிள்ளைக்கு எத்தனை கிராம் என்று அடுத்த இதழிலிருந்தாவது அச்சிடுங்கள்.

தங்கள் நீண்டகால வாசகன்,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
கும்பகோணம்.