டிஎன்ஏ அறிக்கைக்கு முந்தைய 48 மணி நேரம்

ஆசிரியருக்கு வணக்கம்.

கொலை வழக்கோ பாலியல் வழக்கோ, ‘டிஎன்ஏ பொருந்திவிட்டது’ என்று செய்தி வந்த அன்றே ஊர் தீர்ப்பு எழுதிவிடுகிறது. கீழமை நீதிமன்றங்களில் குற்ற வழக்குகள் நடத்துகிறவன் என்ற முறையில் இதைப் பற்றிச் சொல்ல வேண்டியது இருக்கிறது.

அறிவியல் மீது எனக்குச் சந்தேகம் இல்லை. டிஎன்ஏ எனும் நம் மரபணுவில் குறிப்பிட்ட சில இடங்களில் சிறு துணுக்குகள் திரும்பத் திரும்ப வரும். எத்தனை தடவை வருகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒவ்வோர் இடத்திலும் அம்மா வழியில் ஒரு எண், அப்பா வழியில் ஒரு எண். ஓரிடத்தில் இரண்டு பேருக்கு ஒத்துப்போகலாம். இருபது இடங்களிலும் ஒத்துப்போவது, உருவொத்த இரட்டையரைத் தவிர்த்தால், நடக்காத காரியம். இங்கிலாந்தின் லெஸ்டரில் அலெக் ஜெஃப்ரிஸ் 1984இல் கண்டுபிடித்த முறை, கொலை வழக்கில் முதன்முதலாகக் காப்பாற்றியதே ஒரு நிரபராதியைத்தான். கொலையை ஒப்புக்கொண்டிருந்த 17 வயதுப் பையன் அவன். உண்மைக் குற்றவாளி 1988இல் தண்டிக்கப்பட்டான்.

ஆனால் ஆய்வகம் சொல்வது ‘மாதிரி எடுத்த இந்தப் பஞ்சில் இருப்பது இன்னாருடைய மரபணு’ என்பதை மட்டுமே. அது எப்படி அங்கே வந்தது என்று அதற்குத் தெரியாது. ஜெர்மனியில் 2007இல் ஹைல்பிரான் நகரில் பெண் காவலர் ஒருவர் சுட்டுக்கொல்லப்பட்ட இடத்தில் கிடைத்த மரபணு, ஏறக்குறைய நாற்பது குற்ற இடங்களில் கிடைத்திருந்தது. எல்லாம் ஒரே பெண்ணுடையது. போலீசார் வருஷக்கணக்கில் தேடினார்கள். மாதிரி எடுக்கும் பஞ்சுக்குச்சிகளைப் பொட்டலம் கட்டிய தொழிலாளியின் மரபணு அது என்று 2009இல்தான் தெரிந்தது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் 2011இல் இளம் ஜோடி ஒன்று கொல்லப்பட்ட வழக்கில், தூக்குத் தண்டனை பெற்றவரை உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் விடுதலை செய்தது. மாதிரிகள் கைமாறிய விதமும் தாமதமும் சரியாக விளக்கப்படாததால் டிஎன்ஏ சாட்சியத்தை ஏற்க முடியவில்லை. ஒருவர் தூக்குமேடை நிழலில் வருடங்களைக் கழித்தார். கொல்லப்பட்டவர்களின் வீட்டாருக்கோ, கொன்றது யார் என்ற பதில் 14 வருடம் கழித்தும் இல்லை. இரண்டு பக்கமும் அநியாயம்.

அதே தீர்ப்பில் நாடு முழுவதற்கும் விதிகள் வகுத்தார்கள். மாதிரி எடுத்த 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். தாமதமானால் காரணத்தை, காவல்துறையின் விசாரணைக் குறிப்பேடான கேஸ் டைரியில் எழுத வேண்டும். விசாரணையோ மேல்முறையீடோ நிலுவையில் இருக்கையில் நீதிமன்ற அனுமதியின்றி மாதிரி உறையைப் பிரிக்கக் கூடாது. யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று முதல் நாளிலிருந்து பதிவேடு வேண்டும். அதற்கான படிவங்களைத் தயாரிக்கும் பொறுப்பு மாநில டிஜிபிகளுக்கு.

நடைமுறை என்ன? நம் மாநிலத்தில் சான்றுப் பொருட்களை ஃபார்ம் 95 போட்டு நீதிமன்றத்தில் ஒப்படைத்து, அங்கிருந்து கடிதம் வாங்கித்தான் ஆய்வகத்துக்கு அனுப்புவது வழக்கம். இடையில் இரண்டு நாள் விடுமுறை வந்தால் 48 மணி நேரம் அங்கேயே கரைந்துவிடும். டிஎன்ஏ மாதிரிகளுக்காவது இதற்கு நேர்வழி ஒன்று வேண்டும். ரத்தம் காயாத துணியைப் பாலித்தீன் கவரில் கட்டி வைத்தால் ஈரத்தில் பூஞ்சை பிடித்து மரபணு சிதைந்துவிடும். நிழலில் உலர்த்திக் காகித உறையில் போட வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள ஒரு நாள் பயிற்சி போதும். ஒவ்வொரு காவல் உட்கோட்டத்திலும் இதற்கென்று ஒரு குளிர்பெட்டியும், மாதிரியைக் கொண்டுபோக ஒரு காவலரும் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். பந்தோபஸ்துக்குப் போன ஆளே திரும்பி வந்து மாதிரியையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டியிருப்பதுதான் இன்றைய நிலை.

பத்திரிகைகளுக்கும் ஒரு வேண்டுகோள். ‘டிஎன்ஏ பொருந்தியது’ என்று போடும்போது, மாதிரி எடுத்த தேதி எது, ஆய்வகத்துக்குப் போன தேதி எது என்று காவல்துறையிடம் கேட்டு, பதிலையும் சேர்த்தே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர்,
பெரியகுளம்.