பனிச்சறுக்கு வேறு, ஐஸ் நடனம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் விளையாட்டுப் பக்கத்தின் கீழ் மூலையில், அமெரிக்காவின் மிக்கேலா ஷிஃப்ரின் உலகக் கோப்பைப் போட்டிகளில் 100 வெற்றிகளைத் தாண்டியதைப் பற்றி நாலு வரி போட்டிருந்தீர்கள். கிரிக்கெட்டுக்கு நடுவில் அந்த நாலு வரிக்கு இடம் கிடைத்ததே பெரிய விஷயம், நன்றி. ஆனால் பக்கத்தில் போட்ட படம்? ஜிகினா பாவாடையில் ஐஸ் மேல் ஒற்றைக் காலில் சுற்றுகிற ஒரு பெண். கடைசி வரியில் "முன்பு இந்தச் சாதனையை வைத்திருந்த ஸ்வீடன் ஸ்கேட்டிங் வீரர் ஸ்டென்மார்க்" என்று வேறு. காலைக் காபி ஆறிப்போனது எனக்கு.

சாயங்காலம் வண்டிகளை நிறுத்திய பிறகு நம் கடற்கரைச் சாலையில் பிள்ளைகள் சக்கரம் கட்டிக்கொண்டு ஓடுகிறார்களே, ஸ்கேட்டிங் அதற்கு உறவு. ஷிஃப்ரினும் ஸ்டென்மார்க்கும் செய்தது மலை உச்சியிலிருந்து, காலில் நீளமான இரண்டு பட்டைகளை மாட்டிக்கொண்டு, நட்டுவைத்த கழிகளுக்கு நடுவில் வளைந்து வளைந்து இறங்குவது. தமிழில் இரண்டுக்கும் பனிச்சறுக்கு என்றே எழுதித் தொலைப்பதால் வந்த குழப்பம் இது, உங்களை மட்டும் சொல்லிப் பயனில்லை.

இவ்வளவு ரோஷம் எதற்கு என்று கேட்பீர்கள். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், புதுச்சேரியில் சொல்தா வீடு என்றால் எல்லாருக்கும் தெரியும். 1980 பிப்ரவரியில் நாங்கள் கிரெனோபிளில் இருந்தோம், எனக்குப் பன்னிரண்டு வயது. லேக் பிளாசிட் ஒலிம்பிக்கை டிவியில் பார்த்தோம். கழிகளை நெருக்கமாக நட்டால் ஸ்லாலம், இடைவெளி விட்டு நட்டால் ஜெயண்ட் ஸ்லாலம்; இரண்டு சுற்று நேரத்தையும் கூட்டித்தான் முடிவு. இங்கேமார் ஸ்டென்மார்க் ஜெயண்ட் ஸ்லாலமில் முதல் சுற்று முடிந்தபோது மூன்றாம் இடம், அடுத்து ஸ்லாலமில் நான்காம் இடம். இரண்டிலும் இரண்டாவது சுற்றில் எல்லாரையும் தாண்டித் தங்கம். அதற்கு ஐந்து மாதம் முன்புதான் இத்தாலியில் டவுன்ஹில், அதாவது வேகமாக நேரே இறங்குகிற பிரிவின், பயிற்சியில் விழுந்து தலையில் பலத்த அடிபட்டிருந்தது அவருக்கு. ஜெயித்தவர் குதிக்கவில்லை, கத்தவில்லை. "பாரு, ஒண்ணும் பேசாம வேலைய முடிச்சிட்டுப் போறான்" என்றார் அப்பா. எங்கள் வீட்டில் அதிகம் பேசுகிற பிள்ளை நான் என்பதால் அது எனக்குச் சொன்னது என்று இன்றைக்கும் சந்தேகம்.

அப்போது கழி என்றால் ரொம்ப நாள் மூங்கில்தான், நம் பந்தல்காரர் நடுகிற மாதிரி. முட்டினால் வலிக்கும், அதனால் சுற்றித்தான் போகவேண்டும். 80களின் தொடக்கத்தில் அடியில் மடங்கிப் படுத்து எழுகிற கழி வந்ததும், கையாலும் முழங்காலுக்குக் கீழேயும் அதை அடித்துத் தள்ளிக்கொண்டு நேராக இறங்குகிற பாணி வந்துவிட்டது. ஸ்டென்மார்க்கின் அழகெல்லாம் அந்தச் சுற்றிப் போகிற காலத்து அழகு. பாணி மாறிய பிறகும் 1989 வரை ஜெயித்தார் என்பதை மறக்கக்கூடாது.

ஸ்டென்மார்க்கின் 86 உலகக் கோப்பை வெற்றி என்கிற எண்ணை விட அது எப்படி வந்தது என்பதுதான் விஷயம். ஜெயண்ட் ஸ்லாலமில் 46, ஸ்லாலமில் 40, அவ்வளவுதான். டவுன்ஹில் போட்டிப் பக்கம் அவர் போனது அபூர்வம். 1976, 77, 78 என்று மூன்று வருடம் தொடர்ந்து, எல்லாப் பிரிவுப் புள்ளிகளையும் கூட்டி சீசன் முடிவில் தருகிற ஒட்டுமொத்தக் கோப்பையை அவரே வாங்கியதும், ஒரு பிரிவிலிருந்து சில முடிவுகளைத்தான் கணக்கில் சேர்ப்போம் என்ற விதியை இறுக்கிவிட்டார்கள். விளைவு என்ன தெரியுமா? 1979 சீசனில் நடந்த பத்து ஜெயண்ட் ஸ்லாலமையும் அவரே ஜெயித்தார், ஸ்லாலம் மூன்றையும் சேர்த்தால் பதிமூன்று. ஒட்டுமொத்தத்தில் கிடைத்தது ஐந்தாம் இடம்! பத்துப் பாடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கிய பையனிடம் மூன்று பாட மார்க்கைத்தான் சேர்ப்போம் என்று சொன்ன கதை. இது நியாயமா என்று எனக்கு நாற்பது வருடமாகக் கேள்வி.

1984ல் சரயேவோ ஒலிம்பிக்கில் அவரைச் சேர்க்கவே இல்லை, விளம்பரக் காசை நேரடியாக வாங்குகிற உரிமம் வைத்திருந்தார் என்று. லீக்டென்ஸ்டைன் நாட்டு ஹன்னி வென்சலுக்கும் அதே கதி. லேக் பிளாசிட்டில் ஆண்களில் இரட்டைத் தங்கம் இவர், பெண்களில் அவர், இரண்டு பேருமே வெளியே.

அவர் வளர்ந்த தேர்னாபி, வட ஸ்வீடனில் சில நூறு பேர் இருக்கிற ஊர். எங்கள் முத்தியால்பேட்டையில் நாலு தெருவைச் சேர்த்தால் அதைவிட அதிகம் பேர் இருப்பார்கள். அதே ஊரிலிருந்துதான் அப்புறம் ஆன்யா பேர்சன் வந்து, 2007ல் ஓரே என்ற இடத்தில் நடந்த உலகப் போட்டியோடு ஐந்து பிரிவிலும் உலகப் பட்டம் வாங்கிய முதல் ஆள் ஆனார். ஷிஃப்ரின் 2023 மார்ச் 11 அன்று ஸ்டென்மார்க்கின் எண்ணிக்கையைத் தாண்டி 87ஐத் தொட்டதும் அதே ஓரேயில்தான், ஸ்டென்மார்க்கின் ஸ்வீடன் மண்ணிலேயே.

ஒன்று மட்டும் உங்கள் பக்கம் பேசுகிறேன். ஸ்டென்மார்க் நடனம் ஆடியது உண்மை. 2015ல், 59 வயதில், ஸ்வீடன் டிவி நடனப் போட்டியில் கலந்துகொண்டு அதையும் ஜெயித்தார். ஆனால் அது மரத்தரையில், சாதாரண ஷூ போட்டுக்கொண்டு.

திருத்தம் போடுவதாக இருந்தால் படம் என்னிடம் இருக்கிறது. அப்பா பிரெஞ்சுப் பத்திரிகையிலிருந்து வெட்டி, பென்ஷன் காகிதக் கவரில் வைத்திருந்த துண்டு, ஓரம் பழுத்துவிட்டது, ஆனால் பின்னல் தொப்பியும் முகமும் தெளிவாகத் தெரியும். ஸ்கேன் எடுத்து அனுப்புகிறேன், அந்த ஜிகினா பாவாடைக்குப் பதில் இதைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய வாசகன்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.