வெள்ளிக்கிழமை நாதஸ்வரக் கச்சேரி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன வாரம் தொலைபேசியில், "அந்த நாதஸ்வரத் தம்பதியர் வாசித்தது யூடியூபிலேயே எவ்வளவோ இருக்கிறதே, இதற்குப் போய் ஏன் இத்தனை பரபரப்பு?" என்று கேட்டாய். குழந்தை அழுததால் பேச்சு பாதியில் நின்றுபோயிற்று. அதற்கு நிதானமாகப் பதில் எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

வரும் வெள்ளிக்கிழமை இரவு, நம் சிவன் கோயில் திருவிழாவில் சுவாமி புறப்பாடு முடிந்ததும், ஷேக் மெகபூப் சுபானி, காலீஷாபி மெகபூப் தம்பதியரின் நாதஸ்வரக் கச்சேரி நடக்கிறது. அவர்களை நேரில் கேட்கும் வாய்ப்பு எனக்கு இதுவரை அமையவே இல்லை. வேலையில் இருந்த காலத்தில் கச்சேரி நாளும் விடுமுறை நாளும் ஒன்றுசேர்ந்ததில்லை. ஓய்வு பெற்றபின் கிளம்பலாம் என்றிருந்தபோது கொரோனா வந்து திருவிழாக்களையே நிறுத்திவிட்டது. இப்போது அவர்களே நம் தெருவுக்கு வருகிறார்கள்.

ஆந்திரத்துக் கரவதியில் பிறந்து, திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாதஸ்வர வாசிப்பில் மனத்தைப் பறிகொடுத்து, தஞ்சாவூர்ப் பாணியைக் கற்றுக்கொண்டு ஸ்ரீரங்கத்திலேயே குடியேறிவிட்ட ஷேக் சின்ன மௌலானாவைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன். 1998இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்று, அடுத்த ஆண்டே மறைந்தாரே, அவர்தான். இந்தத் தம்பதியரும் ஆந்திரத்திலிருந்து வந்து அவரிடம் பயின்றவர்கள். 2020இல் இவர்களுக்கு பத்மஸ்ரீ அறிவித்தபோது, இருவருக்கும் சேர்த்து ஒரே விருதாக அறிவித்தார்கள்; அவர்கள் வாசிப்பதும் அப்படித்தான் என்று நான் அம்மாவிடம் சொன்னேன். இஸ்லாமியக் குடும்பத்தினர் தியாகராஜரின் ராம கீர்த்தனையை உருகி வாசிப்பதை வெளியூர்க்காரர்கள் வியந்து வியந்து எழுதுகிறார்கள். திருச்சி வானொலியில் சின்ன மௌலானாவைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு அதில் வியக்க ஒன்றும் தோன்றியதில்லை. தோடி ராகம் எப்படி இருந்தது என்பதுதான் மறுநாள் பேச்சாக இருக்கும்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். நாதஸ்வரம் அறைக்குள் வாசிப்பதற்காக உண்டான வாத்தியம் அன்று. கோபுர வாசலில் வாசித்தால் தெற்கு வீதியில் வாசல் தெளிப்பவள் காதில் விழவேண்டும் என்பதற்காக ஆச்சா மரத்தில் கடைந்து, அடியில் அணைசு என்னும் விரிந்த வாயைப் பொருத்தி, நரசிங்கம்பேட்டை ஆசாரிகள் செய்து தருவது. அந்த ஒலியை ஒலிவாங்கிக்குள் அடக்கி, கைபேசியின் விரல்கடை ஒலிபெருக்கி வழியே வெளியே விட்டால், ராகம் தெரியும், சுரம் தெரியும், அதன் கனம் மட்டும் எங்கோ போய்விடுகிறது. பக்கத்தில் தவில் வேறு. அதன் வலப்பக்கமான வலந்தலையில் கூடு மாட்டிய விரல்களும் இடப்பக்கமான தொப்பியில் கழியும் விழும்போது நம் நெஞ்சுக்கூட்டில் ஓர் அதிர்வு ஏறுமே, அதை எந்தப் பதிவிலும் நான் உணர்ந்ததில்லை.

அதைவிட எனக்குப் பெரிய ஆவல் வேறொன்று. நாதஸ்வரத்தில் விரல் வைக்க ஏழு துளைகள்தாம். ஒரே துளையில் நின்றுகொண்டு மூச்சின் அழுத்தத்தாலும் உதட்டின் பிடியாலும் சுரத்தை ஏற்றவும் இறக்கவும் வேண்டும். வாயில் வைத்து ஊதும், கொறுக்கைத் தட்டையில் செய்த சீவாளி கொஞ்சம் காய்ந்திருந்தாலும் சுருதி விலகிவிடும். அதனால்தான் வாசிப்பவர்கள் நூலில் கட்டித் தொங்கும் நாலைந்து சீவாளிகளை மாற்றி மாற்றி, எச்சிலில் நனைத்து, ஊதிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். இப்படி ஒரு வாத்தியத்தை இரண்டு பேர் சேர்ந்து வாசித்து, சுரத்தை அசைத்து இழைக்கும் நீண்ட கமகத்தில்கூட இரண்டு குரல் என்று தெரியாமல் இழைய வேண்டுமானால், ஒருவர் மூச்சு வாங்கும் இடம் மற்றவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். வீடியோவில் கேமரா யாராவது ஒருவரின் முகத்தையே காட்டிக்கொண்டிருக்கிறது. அவர் நிறுத்தும் கணத்தில் அந்த அம்மாள் எப்படி எடுக்கிறார், கண்ணால் சைகை செய்துகொள்கிறார்களா, அதுவும் தேவையில்லையா என்பதை நான் என் கண்ணாலேயே பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஆண்களே வாசித்துவந்த வாத்தியத்தை, அது கேட்கும் மூச்சுப் பலத்தோடு ஒரு பெண் மேடையில் வாசிப்பதை நேரில் பார்க்க வேண்டும் என்று அம்மாவுக்கும் ஆசை.

இந்த வாத்தியத்தை நாம் நடத்துகிற விதத்தில் எனக்கு நெடுநாளைய வருத்தம் உண்டு. மங்கள இசை என்று மரியாதையாகப் பெயர் வைத்துவிட்டு, சபாக்களில் நாற்காலிகள் நிறைவதற்கு முன்பே வாசிக்கச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். கல்யாணத்திலோ, கெட்டிமேளம் கொட்டியதும் கூட்டம் பந்திக்கு ஓடிவிடுகிறது. வித்வான் அருமையான கரகரப்பிரியாவைக் காலி நாற்காலிகளுக்கு வாசித்துக்கொண்டிருப்பார். வெள்ளிக்கிழமை அப்படி இல்லை. கம்பீர நாட்டையில் மல்லாரி, ஒரு வர்ணம், இரண்டொரு கீர்த்தனைகள், பிறகு ஒரு ராகத்தை எடுத்துக்கொண்டு அவசரமில்லாமல் அரைமணி நேரமாவது ஆலாபனை என்று நான் மனத்துக்குள்ளேயே ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன். அந்த ராகம் தோடியாக இருந்தால் எனக்குப் பரம திருப்தி. அவர்கள் எதை வாசித்தாலும் கேட்டுக்கொள்வேன் என்பது வேறு விஷயம்.

விழாக் குழுவினர் மேடைக்கு இருபுறமும் ஆள் உயர ஒலிபெருக்கிகளைக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள். நாதஸ்வரத்துக்கு இவ்வளவு எதற்கு, சத்தத்தைக் குறைத்தே வையுங்கள் என்று நான் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். தலையாட்டினார்கள், கேட்பார்கள் என்று தோன்றவில்லை. தவில் ஓசை காதை அடைக்கும் என்று அம்மா கடைசி வரிசையில் உட்காரப் போகிறாளாம். நான் நடுவில், அவர்கள் இருவரின் விரல்களும் தெரியும் தூரத்தில் இடம் பிடிக்க எட்டு மணிக்கே போய்விடுவேன்.

ஆகவே வெள்ளிக்கிழமை இரவு வழக்கம்போல் அழைக்காதே; கைபேசியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறேன். பதிவு செய்து அனுப்பு என்று மாப்பிள்ளை கேட்டாராம், அவரிடமும் சொல்லிவிடு. சனிக்கிழமை காலை உங்கள் நேரத்துக்குத் தோதாக அழைத்தால், என்ன ராகம் வாசித்தார்கள் என்று சொல்கிறேன்.

குழந்தைக்கு என் முத்தங்கள்.

அன்புடன்,
அப்பா