டைமிங் பெல்ட் மாற்றிய பிறகு எரியும் என்ஜின் விளக்கு குறித்த புகார்

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். டர்பன், சாட்ஸ்வர்த்தில் வசிக்கும் நான், என் காரின் டைமிங் பெல்ட்டையும் வாட்டர் பம்ப்பையும் மாற்றுவதற்காகப் பைன்டவுனிலுள்ள உங்கள் கிளையில் வண்டியை விட்டேன். நீங்கள் கேட்ட 11,400 ரேண்டை அன்றே கட்டினேன். மறுநாள் ஹிக்கின்சன் நெடுஞ்சாலையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது மஞ்சள் நிற என்ஜின் விளக்கு எரிந்தது. அந்த வண்டியை வாங்கிய நாளிலிருந்து அதற்கு முன் ஒருமுறைகூட அது எரிந்ததில்லை.

உடனே உங்களிடம் வந்தேன். பழுதைக் கண்டறியும் ஸ்கேனரை மாட்டிய பணியாளர், அதில் தெரிந்த பழுதுக் குறியீட்டை அழித்துவிட்டு, "சரியாகிவிட்டது" என்று அனுப்பிவைத்தார். எந்தக் குறியீடு என்று கேட்டதற்குப் பதில் இல்லை. குறியீட்டை அழிப்பது பழுதை நீக்குவதாகாது என்பதும், என்ஜின் கணினி தன் சோதனைகளை மீண்டும் ஓட்டி முடிக்கும்வரைதான் விளக்கு அணைந்திருக்கும் என்பதும், பழுது தோன்றிய நேரத்தில் பதிவான விவரங்களும் அதோடு சேர்ந்து அழிந்துவிடும் என்பதும் இந்தத் தொழிலையே செய்யும் உங்களுக்குத் தெரியாதா? எதிர்பார்த்தபடியே அந்த வாரமே விளக்கு மறுபடி எரிந்தது. அப்போது புகைக்குழாயில் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது என்றும், அதைத் தனியாகப் பணம் கட்டி மாற்ற வேண்டும் என்றும் சொன்னீர்கள்.

உங்கள் முன்மேசையில் இருந்தவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தாமலே என் சாவியை மேசையில் என் பக்கமாகத் தள்ளி, "வண்டி ஓடுகிறதல்லவா அங்கிள், விளக்கு கண்ணை உறுத்தினால் மேலே ஒரு டேப்பை ஒட்டிக்கொள்ளுங்கள்" என்றார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். அறுபது வயதைக் கடந்த எனக்கு இப்படியோர் அவமானம் இதுவரை நேர்ந்ததில்லை.

அதைவிடக் கொடுமை அந்தச் சனிக்கிழமை. தொலைபேசியில் நீங்களே நேரம் குறித்துக் கொடுத்து, நான் கொட்டும் மழையில் வந்து சேர்ந்தபின், ஸ்கேனர் வேறு கிளைக்குப் போயிருக்கிறது, மெக்கானிக் விடுப்பில் இருக்கிறார் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினீர்கள். முன்கூட்டியே ஓர் அழைப்பு விடுக்க உங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை.

கடைசியில் எங்கள் பகுதியிலுள்ள ஒரு மெக்கானிக்கிடம் என் செலவில் காட்டினேன். குறியீடு பி0016. அதாவது பிஸ்டன்களோடு இணைந்த கிராங்க் ஷாஃப்ட்டின் நிலையும், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டின் நிலையும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை; இவை இரண்டையும் இணைத்துச் சேர்ந்து சுழலவைப்பதுதான் டைமிங் பெல்ட். ஆக்சிஜன் சென்சாருக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. டைமிங் பெல்ட் மாற்றிய கையோடு இந்தக் குறியீடு வந்தால், பெல்ட் ஒரு பல் தள்ளி மாட்டப்பட்டிருக்கிறதா என்று கவரைக் கழற்றி, பற்சக்கரங்களில் சரியான நிலையைக் காட்டும் டைமிங் குறிகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்றும், இந்த வகை என்ஜினில் பெல்ட் மேலும் நழுவினால் பிஸ்டன் வால்வில் இடித்து என்ஜினே போய்விடும் என்றும் அவர் சொன்னார். அன்றிலிருந்து வண்டியை வெளியில் எடுக்கவே பயமாக இருக்கிறது. புனித வெள்ளியன்று மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோயிலில் பிரார்த்தனை செலுத்த வேண்டும் என்று காத்திருந்த என் தாயாரை அழைத்துச் செல்ல முடியாமற்போனது. அவர் மனத்தில் விழுந்த அந்தக் குறையை எத்தனை லட்சம் ரேண்ட் கொடுத்தாலும் உங்களால் ஈடுசெய்ய முடியாது.

உங்கள் நிறுவனத்தின் நற்பெயரை நம்பித்தான் வந்தேன். இப்போதும் இதைச் சுமுகமாக முடிக்கவே விரும்புகிறேன். ஆனால், தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 57ஆம் பிரிவின்படி, பழுதுபார்ப்பில் பொருத்திய புதிய பாகத்துக்கும் அதற்கான வேலைக்கும் குறைந்தது 3 மாத உத்தரவாதம் உண்டு என்பதையும், வேலை தரமாக இல்லாவிட்டால் அதைச் சரிசெய்து தரும்படியோ பணத்தில் நியாயமான பகுதியைத் திருப்பித் தரும்படியோ கேட்க 54ஆம் பிரிவு எனக்கு உரிமை தருகிறது என்பதையும் நினைவூட்டுகிறேன். கழற்றிய பழைய பாகங்களை வாடிக்கையாளரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது; என் பழைய பெல்ட்டைக் கேட்டபோது அது குப்பைக்குப் போய்விட்டது என்றார்கள்.

ஆகவே, தயவுசெய்து தகுதியுள்ள மெக்கானிக் ஒருவரை நியமித்து, என் முன்னிலையில் கவரைத் திறந்து டைமிங் குறிகளைச் சரிபார்த்து, கூடுதல் கட்டணமின்றிப் பழுதை நீக்கி, வெளியில் சோதித்த செலவையும் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். வண்டியை இனி நான் ஓட்டி வரமாட்டேன்; இழுவை வண்டியை நீங்கள்தான் அனுப்ப வேண்டும். இம்மாத இறுதிக்குள் எழுத்துபூர்வமான பதில் வராவிட்டால், எல்லா ரசீதுகளோடும் மோட்டார் தொழில்துறைக் குறைதீர்ப்பாளரிடமும், அதன்பின் தேசிய நுகர்வோர் ஆணையத்திடமும் முறையிடுவேன். டேப் ஒட்டச் சொன்னவர் எழுத்தில் மன்னிப்புக் கேட்காதவரை இந்தப் புகாரைத் திரும்பப் பெறமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
சாட்ஸ்வர்த், டர்பன்